பதினேழு மூடிகள்

என் தம்பி ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிறவன். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. கழற்றிக் கழற்றியே கற்றுக்கொண்டான். மூன்று பேர் கைவிரித்த மெஷினை ஓட வைத்திருக்கிறான். கூடப் பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை, கைராசிக்காரன் என்று அடுத்த தெருவிலும் சொல்வார்கள். ஆனால் அவன் பட்டறைக்குள் கால் வைக்க இடமிருக்காது. எங்கள் தெருவில் அவனுக்குப் பெயரே பரண்.

நான் எட்டாவதோடு நின்றவள். பதினெட்டு வருஷமாக மருந்துக்கடையில் அலமாரி அடுக்குகிறேன். ஒரு மாத்திரை அட்டை இடம் மாறினாலும் எங்கிருந்து எடுத்தேன், எங்கே வைத்தேன் என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தோம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஒரு பள்ளிக்கூடத்து வேலையைப் பிடிக்கத் தம்பி ஒரு வருஷமாக நடையாய் நடந்தான். கடைசியில் சோதனைக்குப் பழுதான ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுநாள் காலைத் தேர்வுக்கான கேள்வித்தாளை அதில்தான் அடிக்க வேண்டும். சொன்னபடி கொடுத்தால் அங்கிருக்கும் மூன்று மெஷினும் இனி இவன் பொறுப்பு. கொடுக்காவிட்டால் அந்த வாசலை மறந்துவிட வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. மெஷினுக்கு உருளை ஒன்று வாங்கிவரப் புறப்பட்டவன், அதுவரை பட்டறையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அந்தக் கோலத்தை எவ்வளவு நேரம்தான் சும்மா பார்ப்பது? ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்துத் தலைமை எழுத்தர் நேரில் வருகிறார். மேஜை நீளத்துக்குப் பழைய செய்தித்தாள், அதன் மேல் சோடா பாட்டில் மூடிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று திருகாணி. இதைப் பார்த்தால் மனிதர் வாசலோடு திரும்பிவிடுவார் என்று எனக்குப் பதைத்தது.

எல்லா ஆணியையும் நீளவாரியாகப் பிரித்து ஆறு டப்பாவில் போட்டு, சீட்டு ஒட்டினேன். மூடிகளைக் குப்பையில் கொட்டினேன். மேஜையைத் துடைத்தபோது அதற்கு நீல நிறம் என்றே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதியம் வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இதை யாரு தொட்டதுக்கா?"

"நான்தான். பின்ன பேயா வந்து அடுக்கும்?"

கோபத்தில் கத்துவான் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான். முதலில் கழற்றிய ஆணி முதல் மூடியில், கடைசியில் கழற்றியது பதினேழாவதில். பின்னாலிருந்து முன்னால் மாட்டிக்கொண்டே வந்தால் மெஷின் தயார். ஒரே நீளத்து ஆணி எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான், சுற்றி ஓடும் மரைதான் வேறு. தவறானதைத் திருகினால் உள்ளே பிளாஸ்டிக் உடைந்துவிடும்.

"நல்லா இருந்ததைக் கலைச்சுப் போட்டுட்டியேக்கா."

கலைத்தேனாம். காலையிலிருந்து முதுகு ஒடிய அடுக்கினவளைப் பார்த்து! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூடியில வச்சா யாருக்குடா தெரியும்? ஒரு நம்பர் எழுதி வைக்கக் கூடாதா?"

"எனக்குத் தெரிஞ்சா போதாதா? உன் நோட்டை நான் தொட்டேனா?"

நோட்டு என்றதும்தான் எனக்கு உறைத்தது. பழக்கதோஷத்தில் அதையும் எழுதித்தான் வைத்திருந்தேன். மேஜையின் இடது ஓரம், முதல் மூடி, அரை விரல் ஆணி மூன்று, மூன்றாம் டப்பா. இப்படிப் பதினேழு வரி. எடுத்து நீட்டினேன். நன்றி சொல்வான் என்று பார்த்தால், ஆணிக்குக்கூடப் பேரேடு போடுகிறவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றான்.

நான் வரியைப் படிக்க, அவன் டப்பாவிலிருந்து எடுத்து விரல் நுனியில் மரையைத் தடவிப் பார்த்து மாட்டினான். ஒன்பதாம் வரியில் என் எழுத்தே எனக்குப் புரியாமல் இருவரும் சண்டை போட்டோம். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மெஷின் முதல் தாளைத் துப்பியது. எழுத்து ஒவ்வொன்றும் அச்சு மாதிரி இருந்தது.

எழுத்தர் வந்தார். தாளைப் பார்த்ததைவிட அதிக நேரம் டப்பாக்களைப் பார்த்தார். இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிற ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று மூன்று மெஷினின் பொறுப்பையும் அங்கேயே ஒப்படைத்தார். தம்பி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் போனதும் குப்பையைக் கிளறி மூடிகளைப் பொறுக்க உட்கார்ந்துவிட்டான்.

நோட்டுக் கணக்குப்படி ஆணி நாற்பத்து மூன்று. மூன்றாம் டப்பாவில் ஒன்று மிச்சமிருந்தது. காட்டினேன்.

"அது இல்லாமலே ஓடும்க்கா. விடு."

தேர்வு முடிந்து பள்ளிக்கூடத்துக்கு லீவும் விட்டாயிற்று. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஆணி சீட்டு ஒட்டிய ஒரு மருந்து உறையில் என் கைப்பைக்குள் இருக்கிறது. எங்கே கழற்றியது என்று கேட்டால், ஞாபகம் வரும்போது சொல்கிறேன் என்கிறான்.