பேசாமல் ஐந்து நிமிடம்

ரத்த அழுத்தக் கருவியின் நீலப் பட்டையை அத்தையின் கையில் முதன்முதலாகச் சுற்றிய காலையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அத்தை என் மாமியார். ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் ஆலையில், தையல் எந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே வேலை பார்த்தவர். ஓய்வுபெற்றுக் கொரட்டூருக்குக் குடிவந்த பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும், கால்களைத் தரையில் ஊன்ற வேண்டும், பேசக் கூடாது, பேசினாலே அழுத்தம் ஏறிவிடும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். முதல் இரண்டும் அத்தைக்குச் சுலபம். மூன்றாவதுதான் நடக்காத காரியம். "நீ பாட்டுக்குக் காத்து அடி, நான் பாட்டுக்குப் பேசிகினு கீறேன். மிசினுக்கு இன்னா காதா கீது?" என்பார்.

டாக்டரம்மா பொறுமைசாலி. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருப்பது மேல் எண், தளரும்போது இருப்பது கீழ் எண் என்று விளக்கினார். நூற்றிருபதுக்கு எண்பதுக்குள் இருந்தால் நிம்மதி. மேல் எண் நூற்று நாற்பதையோ கீழ் எண் தொண்ணூறையோ தொட்டால் உயர் ரத்த அழுத்தத்தின் முதல் படி. நூற்றறுபதையோ நூறையோ எட்டினால் இரண்டாம் படி. நிம்மதிக்கும் முதல் படிக்கும் இடையில் இருப்பவர்கள் விழித்துக்கொள்ள வேண்டியவர்கள். ஒரு நாள் பார்த்து எதையும் முடிவு கட்டக் கூடாது, பல நாள் பார்க்க வேண்டும் என்றார். அத்தை இரண்டாம் படியில் இருந்தார். "எனக்குத் தலவலி கூட இல்லியே டாக்டரம்மா!" என்று அவரோடும் சண்டை போட்டார்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அத்தை வழக்கம்போல் கறி, கருவாடு, ஊறுகாய் எல்லாவற்றையும் விட்டார். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையும் ஒழுங்காகப் போட்டார். குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து, கோயில் வளாகத்தில் நடந்த மருத்துவ முகாமில் பார்த்தபோது எண் அழகாக இறங்கியிருந்தது. கையில் ஓலையோடு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். "ஆண்டவரு சரி பண்ணிட்டாருடி!" நானும் சந்தோஷப்பட்டேன். எண்ணை இறக்கியது மாத்திரையும் உப்பில்லாத சோறும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார், எங்களிடம் சொல்லவில்லை. ஈஸ்டர் பிரியாணியும் வந்தது, கருவாடும் திரும்பி வந்தது. சில வாரம் கழித்து ஒரு காலை, பால்காரரோடு வாயாடிக்கொண்டிருந்தவரின் வாய் பாதிப் பேச்சில் ஒரு பக்கமாகக் கோணியது. உடனே ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. பிறகு வீடு துடைக்கும்போது பார்த்தேன், பிரிக்காத மாத்திரை அட்டைகள் மாதா படத்துக்குப் பின்னால் காணிக்கைபோல் அடுக்கியிருந்தன. அவர்மேல் கோபமே வரவில்லை, அழுகைதான் வந்தது.

இப்போது தினமும் காலையில் பட்டையைச் சுற்றுகிறேன். டாக்டரம்மா சொன்னபடியே சாய்ந்து, கால் ஊன்றி, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். எண்கள் ஒழுங்காக இருக்கின்றன. அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை. பேச்சுப் பயிற்சிக்குப் போய் வந்ததில் இதுவரை "தண்ணி", "வா" என்று ஒற்றைச் சொற்கள்தான் வந்திருந்தன. இன்று பட்டை இறுகிக்கொண்டிருக்கும்போது என்னை முறைத்துப் பார்த்தார். உதடு துடித்தது.

"கொழம்புல... உப்பே... இல்லடி."

கருவி நூற்றைம்பதுக்கு மேல் காட்டியது. பட்டையை அவிழ்த்தேன்.

"இன்னும் ஏதாவது திட்டுங்க அத்தை," என்றேன். "பிரஷர் அப்புறம் பாத்துக்கலாம்."