மாமியாருக்குச் சோளம்

ஐலி சாகும்போதும் தன் பிடிவாதத்தை விடவில்லை. "கல்லறையெல்லாம் வேணாம். போன கோடைப் புயல்ல சாஞ்சுதே பெரிய மேப்பிள் மரம், அது வேரு புரட்டிப் போட்ட மண்மேட்டுல சாம்பலைத் தூவிடு. புது மண்ணைப் பாத்தா மஞ்சள் பிர்ச் மரம் தானா முளைக்கும். அது போதும் எனக்கு."

புருஷன் ஆர்வோ கங்காஸ் அப்படியே செய்தான். மேப்பிள் விழுந்ததில் மேலே திறந்த ஓட்டை வழியாக வெயில் இறங்கியது. வசந்தத்தில் பிர்ச் கன்றுகள் விரல் நீளத்துக்கு எழுந்தன. அடுத்த வசந்தத்தில் எல்லாம் மொட்டைக் காம்பு. மறு வருஷமும் அதே கதை. கம்பி வேலி கட்டினான். பனி அதை மடக்கிப் படுக்க வைத்தது.

பக்கத்து நிலத்து வில்ஹோ, மரம் வெட்டியே முதுகு கூனியவன், காபிக்கு வந்தான்.

"உன் காட்டுல மரமெல்லாம் கிழடுடா. ஒரு கன்னுகூட இல்ல."

"மான் தின்னுடுது."

"எந்த மான்? ஜன்னலோரம் சோளம் போட்டு விருந்து வெக்கிறியே, அதுங்கதானே?"

"அது ஐலி ஆரம்பிச்சது."

"தெரியும். இல்லேன்னா குளிர்ல பாதி செத்திருக்கும். உன் சோளத்துல பொழைச்சுக்கிட்டு, தொட்டுக்க ஐலியோட பிர்ச்சைக் கடிக்குது."

சொன்ன பிறகுதான் வில்ஹோவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

அந்தக் கூட்டத்தில் காது கிழிந்த பெட்டை மான் ஒன்று. ஐலி அதற்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தாள். வரும், வீட்டை மேலும் கீழும் பார்க்கும், தின்னும், ஒரு நன்றி இல்லாமல் போகும்.

அந்தக் குளிர்காலம் ஆர்வோ சோளம் போடவில்லை. தினமும் நாலு மணிக்கு மான்கள் எல்லாம் வந்து நின்றன. ஒரு வாரத்தில் மற்றவை வேறு பக்கம் போய்விட்டன. மாமியார் மட்டும் கண்ணாடியில் மூச்சுப் படிய நின்றது. சோள வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனான். கதவுப்பிடியில் கை வைத்தான். திரும்பி வந்து நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

மார்ச்சில் வில்ஹோ வந்து தொப்பியைக் கழற்றினான். "மேப்பிள் கிட்ட படுத்திருக்குடா. காது கிழிஞ்சது."

"ம்."

மே மாதம் இருவரும் மண்மேட்டில் குனிந்து பார்த்தார்கள். ஐந்து கன்றுகள், நுனி மொட்டு கடிபடாமல்.

"வந்துட்டாடா உன் பொண்டாட்டி" என்றான் வில்ஹோ.

ஆர்வோ ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். "மொதல்ல மாமியார் எங்கன்னுதான் கேப்பா."