கோலமாவுக் கோட்டுக்கு முன்னாடி பத்துத் தடவை

எட்டு வருஷமா நான் பிரேக் மாட்டுற ஆளு. ஒரகடத்துல ஒரு கார் கம்பெனி, அசெம்பிளி லைன், லெஃப்ட் சைடு முன் சக்கரம் என் ஸ்டேஷன். வண்டி நகர்ந்து வரும். சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கைக் கவ்வுற காலிப்பர் பக்கத்துத் தட்டுல ரெடியா இருக்கும். எடுத்து வெச்சு ரெண்டு போல்ட்டை முடுக்கினா அடுத்த வண்டி வந்துடும். தூங்கிக்கினே கூட மாட்டுவேன். அப்படிப்பட்டவன் சொந்தக் காருக்கு பிரேக் மாட்டி, அது பிடிக்காம, பொண்டாட்டி முன்னாடி மூக்கு உடைஞ்சு நின்னேன். இப்ப சிரிச்சுக்கினே சொல்றேன், அன்னைக்கு சிரிப்பு வரலை.

என்கிட்ட பழைய சின்ன கார் ஒண்ணு இருக்கு. ஹைவே பக்கம் இருக்கிற ரேஸ் டிராக்கை வருஷத்துல ஒண்ணு ரெண்டு நாள் நம்மள மாதிரி ஆளுங்களுக்கும் திறந்து விடுவாங்க. ஹெல்மெட் மாட்டிக்கினு சொந்த வண்டியை மனசு போல விரட்டலாம். முதல் தடவை போனப்ப நாலாவது ரவுண்டுல, நேர் ரோடு முடியுற இடத்துல பிரேக்கை மிதிச்சேன். பெடல் பொசுக்குனு உள்ள போயிடுச்சு. சூடு தாங்காம பழைய பிரேக் கை விட்டுடுச்சு. வளைவை விட்டு இறங்கி, புல்லைத் தாண்டி, ஜல்லியில புதைஞ்சு நின்னேன். எனக்கு ஒரு கீறல் கூட இல்ல. ஆனா வேலியோரம் நின்னு என் பொண்டாட்டி அத்தனையும் பார்த்துட்டா.

அவ திருநெல்வேலிப் பக்கத்துப் பொண்ணு. ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில ஃபர்ஸ்ட் எய்டு ரூம் நர்ஸ். விரல் நசுங்கி வர்றவன், மயங்கி விழுறவன்னு தினம் பார்க்கிறவ, லேசுல பதற மாட்டா. அன்னைக்குப் பதறிட்டா. வீட்டுக்கு வந்ததும் கார் சாவியை எடுத்து அவ ஹேண்ட்பேக்ல போட்டுக்கிட்டா.

"நல்ல பிரேக்கா போடுங்க. நான் ரோட்டுல ஒரு கோடு போடுதேன். வேகமா வந்து பத்து தடவையும் கோட்டுக்கு முன்ன நிக்கணும். ஒரு தடவை தாண்டினாலும் வண்டியை வித்துரணும். சம்மதமா?"

அந்த வண்டியை விக்கிறதா! என் உசுரே அதுலதான் கீது. ஆனா அவ முகத்துல பேரம் பேசுற களை இல்ல. தலையாட்டினேன்.

கம்பெனி ஒரிஜினலுக்கெல்லாம் நம்ம கைக்கு நீளம் பத்தாது. புதுப்பேட்டையில ஒரு கடையில சல்லிசா ஒரு லோக்கல் செட் கிடைச்சது. முன் சக்கரம் ரெண்டுக்கும் பெரிய டிஸ்க், காலிப்பர், டிஸ்க்கை உரசி நிறுத்துற பேடு எல்லாம் சேர்த்து. கம்பெனி பஸ்ல விஷயம் பரவிடுச்சு. லைன்ல எனக்கு எதிர்ல ரைட் சைடு மாட்டுறவன் என் சிநேகிதன்தான், ஆனா வாய் கொழுப்பு ஜாஸ்தி. "இன்னா மாமே, பிரேக் பிடிக்கலன்னா காலை வெளிய விட்டு நிறுத்துவியா?"ன்னான். பஸ்ஸே சிரிச்சுது. "வந்து பாருடா"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில வேலையை ஆரம்பிச்சேன். ரெண்டு அட்டைப்பெட்டி, மேல ஒரு எழுத்து கிடையாது. கையில வந்ததை எடுத்தேன், மாட்டினேன். ஓட்டை எல்லாம் கரெக்டா உட்கார்ந்தது. டீ ஆறுறதுக்குள்ள ரெண்டு பக்கமும் முடிஞ்சுது. எப்பிடி நம்ம ஸ்பீடுன்னு அவளைப் பார்த்து ஒரு கெத்து வேற.

அப்புறம் காத்து எடுக்கணும். புதுசா மாட்டினா ஆயில் போற வழியில காத்து மாட்டிக்கும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒருத்தர் உள்ள உட்கார்ந்து பெடலை மிதிக்கணும், இன்னொருத்தர் காலிப்பர்ல இருக்கிற சின்ன திருகைத் திறந்து காத்தை வெளிய விடணும். கம்பெனியில இதை மெஷின் ஒரே இழுப்புல முடிச்சிடும். என் கையால நான் செஞ்சதே இல்ல. அவ உள்ள உட்கார்ந்தா, நான் கீழ படுத்தேன்.

"மிதி. பிடிச்சுக்கோ. விடு."

ஆயில் வந்தது. மறுபடி மிதி, மறுபடி விடு. ஒரு பாட்டில் காலி, ரெண்டாவதுலயும் பாதி போச்சு, பெடல் அதே பஞ்சுதான். வெயில் ஏறிடுச்சு. எனக்கு மண்டை காய்ஞ்சு போச்சு. ஸ்பேனரை விட்டெறிஞ்சேன். கடைக்காரருக்கு போன் போட்டு, "டுபாக்கூர் சரக்கை தலையில கட்டிட்டியா"ன்னு வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் பாவம், "ஒழுங்கா மாட்டிப் பாரு நைனா"ன்னு மட்டும் சொன்னாரு. எட்டு வருஷ பிரேக் காரன்கிட்ட ஒழுங்கா மாட்டுன்னா எப்படி இருக்கும்? இன்னும் கத்தினேன்.

அவ இறங்கி வந்து சக்கரத்துக்கிட்ட குத்த வெச்சு உட்கார்ந்தா. "இந்தத் திருகு எதுக்கு கீழ இருக்கு?"

"அது அப்டித்தான் கீது. போயி மிதி."

"ஊசி போடும்போது சிரிஞ்சை எதுக்கு மேல பார்க்கப் பிடிக்கோம்? காத்து மேலதான போகும்? நீங்க கீழ தொறந்து வச்சிட்டு எண்ணெயை மட்டும் வடிச்சிட்டிருக்கீய."

ரெண்டு பக்கமும் ஓடிப் போய்க் குனிஞ்சு பார்த்தேன். ரைட் சைடு காலிப்பரை லெஃப்ட்லயும், லெஃப்ட்டை ரைட்லயும் மாட்டி வெச்சிருக்கேன். திருகு ரெண்டும் தலைகீழா கீழ தொங்குது. எட்டு வருஷத்துல ஒரு நாளாவது இது எந்தப் பக்கத்துதுன்னு நான் பார்த்திருக்கேனா? அதைப் பார்த்து என் தட்டுல வெச்சவன் வேற எவனோ. அவன் மூஞ்சியைக் கூட நான் பார்த்ததில்ல. அவமானமா இருந்தது. அவ சிரிக்கலை, ஸ்பேனரைப் பொறுக்கிக்கினு வந்து என் கையில கொடுத்தா.

கழட்டி மாத்தினேன். இந்தத் தடவை திருகு மேல. திறந்த உடனே அதுல சொருகின டியூப்ல பொளக் பொளக்குனு குமிழ் கிளம்பிச்சு பாருங்க, அடடா! மூணாவது மிதியிலயே அவ உள்ளருந்து கத்தினா: "கல்லு மாதிரி இருக்குங்க!" நான் தரையில படுத்துக்கினே விசில் அடிச்சேன். கடைக்காரருக்குத் திரும்ப போன் போட்டு மன்னிப்பு கேட்டேன். அவர் சிரிச்ச சிரிப்பை இன்னும் மறக்கலை.

எங்க வீட்டுக்குப் பின்னாடி விக்காத மனைங்க இருக்கு. கலர் கல்லு நட்டு, தார் ரோடு போட்டு, மாடு கூட வராத இடம். புது பேடும் புது டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு பழகணும், அதனால முதல்ல மெதுவா ஓட்டி, லேசா பிடிச்சு விட்டு, ஆற விட்டேன். சாயந்திரம் அவ கோலமாவு டப்பாவோட வந்து ரோட்டுக்குக் குறுக்கால பட்டையா ஒரு கோடு போட்டா. எங்க பிரேக் பிடிக்கணும்னு ஒரு லைட் கம்பத்தையும் காட்டினா. அப்புறம் பக்கத்து சீட்டுல ஏறி பெல்ட்டை மாட்டினா.

"நீ எதுக்கு?"

"நீங்க டபாய்ப்பீய. ஸ்பீடு முள்ளு எம்பதுல நிக்கான்னு நான் பார்க்கணும்."

ஒண்ணு. கம்பம் வந்தது, மிதிச்சேன், கோட்டுக்கு ரொம்ப முன்னாடியே வண்டி கெட்டியா நின்னுடுச்சு. ரெண்டு, மூணு, நாலு. அவ விரலை மடக்கி எண்ணிக்கினே வந்தா. ஏழுல சூட்டு வாசனை வந்தது. ஒம்போதுல முன் சக்கரத்துல லேசா புகை. ஜல்லியில புதைஞ்ச அந்த நாலாவது ரவுண்டுதான் கண்ணு முன்னாடி நின்னுது. பத்தாவது தடவை முள்ளு எண்பதைத் தொட்டது, கம்பம் வந்தது, மிதிச்சேன். பெடல் இம்மி கூட இறங்கலை.

அவ இறங்கிப் போய் பம்பருக்கும் கோட்டுக்கும் நடுவுல காலடி வெச்சு அளந்தா. "நாலு அடி மிச்சம்"னா. ஹேண்ட்பேக்கைத் திறந்து அன்னைக்குப் பிடுங்கின கார் சாவியை எடுத்து என் கையில வெச்சா. இன்னைக்கு ஓட்டுறதுக்குக் கொடுத்திருந்தது ஸ்பேர் சாவியாம். ஒரிஜினலை அதுவரைக்கும் தரலை!

அடுத்த டிராக் நாள் வந்தது. சிநேகிதனும் கிளம்பி வந்துட்டான். அவ தோள்ல பார்த்தா, சிவப்பு பிளஸ் போட்ட வெள்ளை ஃபர்ஸ்ட் எய்டு பெட்டி. எனக்குச் சுருக்குனு கோவம். இவ்ளோ பண்ணியும் நம்பலையே! ஹெல்மெட்டை எடுத்து மாட்டினேன்.

நாலாவது ரவுண்டு. அதே நேர் ரோடு, அதே வளைவு. மிதிச்சேன். கல்லு! வண்டி தலை குனிஞ்சு, வேகம் குறைஞ்சு, சொன்ன இடத்துல திரும்புச்சு. ஹெல்மெட்டுக்குள்ள நான் போட்ட கூச்சல் எனக்கே காது அடைச்சுது. நாலோட நிறுத்தலை, பன்னெண்டு ரவுண்டு. பெரிய பெரிய வண்டிக்காரங்க ரெண்டு பேர் வளைவுல எனக்கு முன்னாடியே பயந்து பிரேக் பிடிச்சாங்க, நான் தாண்டிப் போனேன். வேலியோரம் சிநேகிதன் சட்டையைக் கழட்டிச் சுத்திக்கினு குதிச்சான். "மாமே! லெஃப்ட்டு ரைட்டு ரெண்டும் உன்னுதுடா!"

வண்டியை நிறுத்தி இறங்கினேன். அவ பெட்டியைத் தரையில வெச்சு மூடியைத் திறந்தா. பஞ்சு இல்ல, கட்டுத் துணி இல்ல, மருந்து இல்ல. எலுமிச்சம்பழச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், மூணு தட்டு.

"மருந்தெல்லாம் எங்கடி?"

"வீட்டுல எடுத்து வச்சிட்டேன். வெயில்ல சோறு கெடாம இருக்கிற பெட்டி இதுதான் இருந்துச்சு. பத்து தடவை நின்ன வண்டிக்கு மருந்து எதுக்கு?"

முதல் வாய் போட்டதும் கண்ணு கலங்கிடுச்சு. பச்சை மிளகா காரம்னு சொல்லிட்டேன்.