சாமந்தி என்ன நிறம்

கண்ணாடிக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷமாக அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டே காலம் தள்ளியவர். தன் வீட்டில் இருந்ததைத்தான் மனுஷன் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

மனைவி இறந்த பிறகு மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்கு வந்தார். வெயில் எட்டிக்கூடப் பார்க்காத அறை. கூட வந்தது அவள் வளர்த்த சாமந்தித் தொட்டி ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூரில் இருக்கும் மகள் போனில், அம்மா செடி என்ன நிறத்தில் பூக்கும் என்று கேட்டாள். அவர் எத்தனையோ வருஷம் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் கடைக்குப் போனார். நிறம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. சாமந்தி நிறம்தான் என்று மழுப்பினார். மகள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவரை அரித்தது.

பூக்க வைத்துப் பார்த்தே தீருவது என்று விளக்குக் கடைக்குப் போனார். இலைக்கு நீல வெளிச்சம், பூவுக்குச் சிவப்பு என்றார் கடைக்காரம்மா. முதலில் நீலம் தூக்கலான எல்இடி வாங்கினார். செடி கட்டுக்குட்டாகத் தழைத்ததே தவிர மொட்டு விடவில்லை. பிறகு சிவப்பு தூக்கலானதை மாட்டினார். கண்ணாடிக்காரர் அறைக்குள் நாடகம் போடுகிறாரா என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டலடித்தார். நாலு மாதமாயிற்று, மொட்டைக் காணோம். திரும்பவும் கடைக்குப் போய் நின்றார்.

"எத்தனை மணிக்கு அணைக்கிறீங்க?"

"அணைக்கிறதே இல்லம்மா. வெளிச்சம் கூடினா பூவும் கூடும்னு நினைச்சேன்."

அது பாதி உண்மை. அந்த அறையில் இருட்டில் தனியாக இருக்க அவருக்குப் பயம் என்பது மீதி.

"சாமந்திக்கு நீளமான இருட்டு வேணுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு அணைச்சா, மறுநாள் காலையில ஆறுக்குத்தான் போடணும். நடுவுல சிவப்பு வெளிச்சம் கொஞ்ச நேரம் பட்டாலே மொட்டு வைக்காது."

அன்றிலிருந்து ஐந்தரைக்கே சாப்பாட்டை முடித்துவிட்டு, ஆறு மணிக்கு விளக்கை அணைத்து உட்கார்ந்தார். போனைக்கூடக் கடையிலேயே வைத்துவிடுவார். இருட்டில் பார்க்க என்ன இருக்கிறது, நினைக்கத்தான் இருந்தது. அவள் தண்ணீர் ஊற்றும் சொம்பு நினைவுக்கு வந்தது. அவள் இருமல் சத்தமும் வந்தது. என்றோ ஒரு காலையில், "இங்க வந்து பாருங்களேன்" என்று அவள் கூப்பிட்டதும், கடைக்கு நேரமாச்சு என்று செருப்பை மாட்டியதும் வந்தன. பக்கத்தில் ஆள் இருந்தும் அவள் இப்படித்தான் தனியாக இருந்திருக்கிறாள் என்று தோன்றியபோது, வாய்விட்டு அழுதார்.

பத்தாவது வாரத்தில் முதல் பூ விரிந்தது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நிறம் பிடிபடவில்லை. கடையில் ஃபிரேமின் நிறம் பார்க்க வருகிறவர்களை அவர் வாசல் வெயிலுக்கு அனுப்புவது வழக்கம். தொட்டியைத் தூக்கிக்கொண்டு தானும் வாசலுக்கு வந்தார். படியில் இறக்கி வைத்து, குனிந்து, நிதானமாகப் பார்த்தார். பிறகு மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மா செடி பூத்திருச்சும்மா. செங்கல் கலரு. இதழுக்கு அடியில மட்டும் மஞ்சள்."



"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் மகள். "உங்களுக்குத் தெரியுமான்னுதான் கேட்டேன்."