வலப்பக்கம் நகர்ந்த அணுக்கள்

காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த எஃகுப் பெட்டிக்குள் சில நூறு அணுக்களை லேசர் ஒளியால் கட்டிப்போட்டு வைப்பது அவள் வேலை. வெற்றிடப் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அவளுக்கு 'வார்டன்' என்று பெயரே வைத்துவிட்டார்.

சூடான காபி ஆறுகிறது என்றால், அதைச் சுற்றி ஓர் அறை இருக்கிறது. சுற்றம் என்று எதுவுமே இல்லாத அணுக்கூட்டம், தனக்குள் முட்டி மோதியே சமநிலைக்கு வந்துவிடுமா? இதுதான் கேள்வி. அணுக்களை இடப்பக்கம் மட்டும் நிரப்பிவிட்டுக் காத்திருப்பாள். பிறகு படம் எடுப்பாள். எடுத்த மறுகணமே கூட்டம் சிதறிப்போகும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

கட்டிவைக்கும் ஒளியை ஓரிடத்தில் கூட்டி ஓரிடத்தில் குறைத்து, தாறுமாறாக மேடுபள்ளம் செய்துவிட்டால் அணுக்கள் தொடங்கிய இடத்திலேயே உறைந்துவிடும், ஒருநாளும் சமநிலைக்கு வராது என்பது ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியரின் கோட்பாடு. அவர் பேர் வாங்கியதே அதில்தான். அப்படி மேடுபள்ளம் செய்து அவள் எடுத்த படங்களிலோ, காத்திருப்பை நீட்ட நீட்ட, நத்தை வேகத்தில் வலப்பக்கமும் நிறைந்துகொண்டு வந்தது.

"வெளித்தொந்தரவு உள்ள வருதும்மா. பெட்டிய ஒழுங்கா பாத்துக்கத் தெரியாத கைக்குக் கோட்பாடு என்ன செய்யும்?" என்றார் பேராசிரியர்.

அவள் வெளித்தொந்தரவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தாள். நகர்வும் கொஞ்சம் குறைந்தது. அதற்குமேல் குறைய மாட்டேன் என்றது.

"அணு அசையாத நேரம் வரைக்கும் காட்டு," என்றார் பேராசிரியர். "மிச்சத்த வெட்டிடு. அடுத்த வருஷம் உனக்கு வேலை வேணுமில்ல?"

கேள்வி கேட்கக்கூடாத பீடங்கள் மதத்தில் மட்டும்தான் உண்டு என்று நம்புகிறவர்கள் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரம் குப்பை கொட்டிப் பார்க்கவேண்டும்.

"வெட்டிட்டுத்தான் போயேன். அணு வந்து உன்மேல வழக்கா போடப்போகுது?" என்றான் கணவன், பாத்திரம் கழுவிக்கொண்டே.

"அது போடாதுங்கிற தைரியத்துலதானே அவரும் வெட்டச் சொல்றாரு."

கருத்தரங்கில் முழுப் படத்தையும் காட்டினாள். கூடியிருந்தவர்கள் கடமைக்குக் கைதட்டிவிட்டு அடுத்தவரை அழைத்தார்கள். ஒருவராவது தவறு எங்கே என்று கேட்டிருக்கலாம்.

மறுவாரம் அவளுடைய அடையாள அட்டைக்கு ஆய்வுக்கூடக் கதவு திறக்கவில்லை. பம்பு அண்ணன்தான் அவள் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வெளியே கொண்டுவந்தார்.

"இப்ப சோதனைய ஓட்டுறது யாருண்ணே?"

"புதுசா ஒரு தம்பி. காத்திருக்கிற நேரத்தப் பாதியாக் குறைச்சிட்டாங்க, வார்டனம்மா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்ப ஒண்ணுகூட அசையறதில்ல."