நான்காம் திரையில் நின்றவர்கள்

அலுவலகத்தில் அவள் பெயர் துருவி. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் சக ஊழியர்கள் சூட்டிய பெயர் அது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு இணையவழிப் பாடங்களை வடிவமைப்பது அவள் வேலை. விடையை முன்கூட்டிச் சொல்லாமல், குழந்தைகளே ஊகித்து, சோதித்து, கண்டறியும்படி பாடம் அமைய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். அவர்கள் கேட்கும் கேள்விகளைத் தேதியிட்டு, ஒரு சொல்லும் மாற்றாமல், தடித்த நோட்டு ஒன்றில் எழுதி வந்தாள். "மீனுக்குத் தாகம் எடுக்குமா?" என்பது அதில் 212ஆவது.

மூன்றாம் வகுப்புக்காக அவள் ஐந்து மாதம் உழைத்த பாடம், 'ஈரத்துணி எங்கே முதலில் காயும்?' திரையில் மூன்று ஈரக் கைக்குட்டைகள். குழந்தை அவற்றை ஜன்னலோரத்திலும், மின்விசிறிக்குக் கீழும், அலமாரிக்குள்ளும் வைக்கும். நான்காம் திரை, எது எத்தனை நிமிடத்தில் காய்ந்தது என்று காட்டும். ஐந்தாம் திரையில், ஏன் அப்படி என்று எழுத வேண்டும்.

முன்னோட்டத்தில் முப்பத்தொரு குழந்தைகள் கலந்துகொண்டார்கள். பாதிப் பேராவது கடைசித் திரையை எட்டாவிட்டால் பாடத்தைக் கைவிட்டு, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவிடையாக மாற்றிவிடுவதாகப் பிரிவுத் தலைவர் முன்பே சொல்லியிருந்தார்.

"இருபத்திரண்டு பேர் நாலாவது திரையிலயே நின்னுட்டாங்க. துணி காயறதுக்குள்ள பசங்க ஓடிட்டாங்கம்மா" என்றார் அவர், சுருக்க அறிக்கையை நீட்டி.

"ஓடினாங்களா, எங்கயாவது போனாங்களா சார்?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"போனவங்க திரும்பி வருவாங்க."

"நாளைக்கு வினாவிடை எழுதறவர் வர்றார். அதுக்குள்ள பாத்துச் சொல்லு."

பத்து நிமிடம் அசைவில்லாவிட்டால் வெளியேறியதாகக் கணக்கிடுவது அறிக்கையின் வழக்கம். துருவி மூலப் பதிவுகளைத் திறந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் அன்றே திரும்பியிருந்தார்கள். சிலர் அரை மணி நேரம் கழித்து, சிலர் முக்கால் மணி நேரம் கழித்து வந்து, கடைசித் திரையையும் எட்டியிருந்தார்கள். அவ்வளவு நேரம் எங்கே போனார்கள்?

அவர்களில் ஒரு சிறுமியின் தாயைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"நீங்கதானா அது?" என்றார் தாய். "என் துப்பட்டா ரெண்டை நனைச்சு, ஒண்ணை ஜன்னல்லயும் ஒண்ணை ஃபேனுக்குக் கீழயும் விரிச்சுட்டு, பக்கத்துலயே உக்காந்திருந்தா. சாப்பிடக் கூப்பிட்டா, 'இரும்மா, இன்னும் காயல'ங்கறா. இருங்க, அவளே பேசறாளாம்."

"ஆன்ட்டி, உங்க கம்ப்யூட்டர் பொய் சொல்லுது" என்றது சின்னக் குரல். "ஜன்னல்ல இல்ல, ஃபேனுக்குக் கீழதான் சீக்கிரம் காயுது. நீங்க ஏன் அந்தத் துணியை மட்டும் மடிச்சு வச்சீங்க?"

திரையில் காட்டிய நிமிடங்கள் துருவி தன் வீட்டில் அளந்தவை. சோதனைக் குறிப்பைத் தேடி எடுத்தாள். அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'மின்விசிறிக் காற்றில் பறக்கிறது. நான்காக மடித்து வைத்தேன்.' மடிப்போடு அளந்து, மடிப்போடு படமும் வரைந்து, ஐந்து மாதம் அதைக் கவனிக்காமலே இருந்துவிட்டாள். சிறுமியின் கேள்வியை 340 என்று எண்ணிட்டு எழுதினாள்.

மறுநாள் காலை தலைவரிடம் எதையும் மறைக்கவில்லை.

"அப்போ பாடமே தப்பு" என்றார் அவர்.

"சோதனை தப்பு சார். ஆனா அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் பசங்க எழுந்து போயிருக்காங்க. அது அப்படியே இருக்கட்டும். அஞ்சாவது திரையில, 'இந்தச் சோதனை நியாயமா நடந்ததா?'ன்னு மட்டும் கேட்கலாம்."

தலைவர் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தார்.

"மடிச்சா அவ்வளவா வித்தியாசம் வரும்?"

"அளந்தாத்தான் தெரியும்."

அவர் எழுந்து கைகழுவும் தொட்டிக்குச் சென்று, தன் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்தார். "உன்னோடதையும் குடு" என்றார். அவள் கைக்குட்டையும் நனைந்தது. ஒன்றை விரித்து, ஓரங்களில் கோப்புகளைப் பாரமாக வைத்தார். மற்றொன்றை நான்காக மடித்தார். துருவி நேரத்தைக் குறித்தாள்: 10.20.

பத்தரைக்குக் கூட்டம் என்று உதவியாளர் வந்து நினைவூட்டினார். "வர்றேன், வர்றேன்" என்றவர் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். 10.55க்கு விரித்தது காய்ந்துவிட்டது. மடித்ததன் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தார், சொதசொதவென்று இருந்தது.

"அந்த வினாவிடைக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடு" என்றார், விரலை எடுக்காமலே. "ஆமா, இதையே மூணா மடிச்சா?"

அது 341.