மட்டாஞ்சேரிக்குக் கொண்டுபோன கடலை

1979, ஐப்பசி. பொள்ளாச்சியில் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினேன். பாலக்காடு நாற்பத்தைந்து கிலோமீட்டர். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே இரண்டு பொட்டலம். ஒன்று கட்டுச்சோறு, எனக்கு. இன்னொன்று தோட்டத்துக் கடலை, உரித்தது. தம்பி வேலுச்சாமிக்கு.

அம்மா பஸ் வரைக்கும் வந்தாள்.

"கடலைய அவன் கையில குடு. அவ கையில குடுக்காதே. அங்க கை நனைச்சுப்போடாதே, கேட்டியா?"

தலையை ஆட்டினேன்.

தம்பி மட்டாஞ்சேரியில் மூட்டை தூக்குகிறான். போய் ஆறு வருசம். அங்கேயே த்ரேசியா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். எங்களைக் கேட்கவில்லை. இப்போது அவளை ஊருக்குக் கூட்டி வரட்டுமா என்று ஆள் மூலம் கேட்டு விட்டிருந்தான். அம்மா பதில் சொல்லாமல் என்னை அனுப்பினாள். எங்கள் பக்கத்தில், பிடிக்காத சம்பந்தம் என்றால் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்போம், சோற்றில் கை நனைக்க மாட்டோம். ஒரு வாய் தின்றால் உறவை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். தம்பிக்கும் இது தெரியும்.

பாலக்காட்டை ஒட்டிய ஒலவக்கோட்டில் ரயில் பிடித்தேன். திருச்சூர் தாண்டியதும் வெயில் போய் மழை வந்தது. ஆலுவாவில் ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. பாலம் முடியும் வரை எழுந்து நின்று பார்த்தேன். அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

எர்ணாகுளத்தில் இறங்கிப் படகுத்துறைக்கு நடந்தேன். மட்டாஞ்சேரிக்கு டிக்கெட் நாற்பது காசு. படகு வெலிங்டன் தீவில் நின்று ஆள் ஏற்றியது. கப்பல் ஒன்று வீடு மாதிரி உயரமாக நின்றது. ஏறியவர்களில் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தேனிக்காரர், கொத்து வேலை. என் வேட்டிக்கட்டைப் பார்த்தே தமிழில் பேசினார்.

"எங்க, சொந்தக்காரங்க வீட்டுக்கா?"

"தம்பி வீடு."

"அப்ப இன்னைக்கு வயிறு ரொம்பிரும்னு சொல்லுங்க. போறப்ப இந்த பெல்ட்டு பத்தாது."

அவரே சிரித்துக்கொண்டார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

மட்டாஞ்சேரியில் இறங்கினால் முதலில் வாசம்தான். சுக்கு, மிளகு, நனைந்த சாக்கு. தெரு குறுகல். இரண்டு பக்கமும் சரக்குக் கிட்டங்கி. ஆள் மூலம் சேதி தெரிந்து தம்பி துறைக்கே வந்திருந்தான். கழுத்துக்குக் கீழே மூட்டை தூக்கித் தோல் தடித்திருந்தது. "வாங்கண்ணா" என்றான். பையை வாங்க வந்தான். நான் விடவில்லை.

வீடு சுள்ளிக்கல் போகிற வழியில் ஒரே அறை. த்ரேசியா சின்ன உடம்பு. கிட்டங்கியில் சுக்கு பொறுக்குகிற வேலை, நகமெல்லாம் மண் நிறம். "வாங்க சேட்டா" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டாள்.

"நம்மூர்க் கம்மஞ்சோத்தப் பத்தியே இவகிட்டச் சொல்லிட்டு இருப்பேண்ணா. கம்பு இங்க எங்க கெடைக்குது? அதுதான் கோதுமையில பண்றா" என்றான் தம்பி.

அவள் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோதுமைக் குறுநொய்யை வெறும் சட்டியில் வறுத்தாள். மணம் வந்ததும் கொதிநீரில் போட்டாள். குழையவிடாமல் இறக்கி ஆறவைத்தாள். சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ சேர்த்தாள். கொத்தமல்லியும் புதினாவும் ஒவ்வொரு கட்டு, பொடியாக அரிந்து பச்சையாகவே போட்டாள். எலுமிச்சை பிழிந்தாள். பீங்கான் கோப்பையில் குவித்து என் முன்னால் வைத்தாள்.

"மேலே கொறச்சு அண்டிப்பருப்பு வறுத்து இடணும். வாங்கான் பற்றியில்லா" என்றாள். முந்திரி வாங்க முடியாததற்கு அவளுக்கு வெட்கம்.

"எங்கிட்டக் கட்டுச்சோறு இருக்குது" என்றேன்.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அவனைப் பார்த்தாள். எங்கள் வழக்கத்தை அவளிடம் அவன் எப்படிச் சொல்வான்? அவள் கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சேட்டனுக்கு இந்த எல பிடிக்கில்லே? சாரமில்லா, ஞான் எடுத்துத் தராம்."

கோப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். உட்கார்ந்து இலையை எடுக்க ஆரம்பித்தாள். ஈரக் குறுநொய்யில் ஒட்டின மல்லியிலையை எடுப்பது லேசில்லை. சுக்கு பொறுக்குகிற விரல். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். வெளியே மழை. கோபமில்லை அவளுக்கு. பிள்ளைக்கு மீனில் முள் எடுக்கிறவள் மாதிரி குனிந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"எடுக்காதே அம்மிணி. எல எனக்குப் பிடிக்கும்."

பையைத் திறந்தேன். கடலையை அவள் கையில் கொடுத்தேன். "அம்மா குடுத்து விட்டது. வறுத்து மேல போடு."

தம்பி எழுந்து மழையைப் பார்க்கிற மாதிரி வாசலில் போய் நின்றான்.

அவள் கடலையைச் சிறு தீயில் வறுத்தாள். சூட்டோடு உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதினாள். பாதியை நுணுக்கினாள், பாதியை முழுதாக விட்டாள். கோப்பையில் தூவினாள். சாப்பிட்டேன். கோதுமை மெத்தென்று இருந்தது, கடலை நொறுங்கியது, இடையில் புதினா குளிர்ச்சி. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன்.

கட்டுச்சோற்றை அவர்கள் இருவரும் பிரித்துத் தின்றார்கள். முதல் வாயிலேயே அவள் ஒரு கண்ணை மூடினாள்.

"எந்தொரு புளி! அம்மைக்கு என்னோடு இத்ர கோபமோ?"

தம்பிக்குச் சிரிப்பில் புரை ஏறியது. நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை முதல் படகு. அவளும் துறைக்கு வந்தாள். ஒரு பொட்டலம் கோதுமை நொய் கொடுத்தாள், அம்மாவுக்கு. படகு விலகும்போது தம்பி கையைத் தூக்கவில்லை. "எப்ப வரட்டும்ணா?" என்று மட்டும் கேட்டான். அம்மாவைக் கேட்காமல் என்ன சொல்ல? "சொல்லி விடறேன்" என்றேன்.

பொள்ளாச்சியில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. மட்டாஞ்சேரியில் துணியெல்லாம் ஈரமாகவே இருக்கும். இங்கே காற்று காய்ந்து கிடந்தது. என் சட்டையில் மட்டும் சுக்கு வாசம் போகவில்லை.

அம்மா முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"கை நனைச்சியா?"

"நனைச்சேன்."

"கடலை?"

"அந்தப் புள்ள கையில குடுத்தேன். எனக்கு வறுத்துப் போட்டுச்சு."

அம்மா மறுபடி புடைத்தாள். முறத்தில் தூசி பறப்பது நின்று வெகு நேரமாகியும் புடைத்தாள். பிறகு பொட்டலத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கடலை மூணு பேருக்கும் பத்துச்சா?" என்றாள்.